தோவாளையில் வாங்கிய பூக்கள்

ஆகஸ்ட் 27, திங்கள்

நேற்று குழலிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்திருந்தவர்கள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பினேன். மாடித் தொட்டியில் இரண்டு நாளாகத் தண்ணீர் வழிகிறது. ஏறிப் பார்த்தேன், வாஷர் தேய்ந்திருக்கிறது. மாற்றினேன்.

முப்பத்தியொரு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது வருஷம் போஸ்ட் மாஸ்டர். அந்தக் காலத்தில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் தினம் நாலு வரியாவது எழுதிவிடுவேன். இந்த மாதம் பதினொன்றாம் தேதி முதல் நேற்றுவரை பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. அவற்றை நிரப்பத் தேவையில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மூத்த மகள் குழல்வாய்மொழி, வயது இருபத்தாறு, கணவன் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கால் தவறி விழுந்து இறந்துபோனாள்.

பெற்றவள் ஆவுடை இன்றும் சாப்பிடவில்லை. மோர் மட்டும் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்தாள்.

ஆகஸ்ட் 29, புதன்

மத்தியானம் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சம்பந்தி வீட்டுச் சாமான்கள். குழலிக்கு நாங்கள் கொடுத்த பீரோ, கட்டில், தையல் மிஷின், பாத்திர மூட்டை, அவளுடைய துணிமணிகள் இரண்டு சூட்கேஸில். டிரைவரைத் தவிர கூட யாரும் வரவில்லை.

ஆவுடை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு முடிஞ்சு மூணாவது நாளு. அம்புட்டு அவசரமா அவ்வோளுக்கு?" என்றாள்.

"எனக்கு என்னம்மா தெரியும். ஏத்திவிட்டாவ, கொண்டாந்துட்டேன்" என்றார் டிரைவர்.

கடைசியாக, பழைய போர்வையில் சுற்றிய ஒரு பலகை போல எதையோ இறக்கினார். அவிழ்த்துப் பார்த்தால் குழலி வரைந்த படம். எண்ணெய் வண்ணம். இரண்டரை அடி உயரம் இருக்கும். பச்சைத் துணி விரித்த ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பித்தளைச் செம்பு. செம்பு நிறைய சம்பங்கி, மரிக்கொழுந்து, கோழிக்கொண்டை. ஒரு சம்பங்கி மட்டும் உதிர்ந்து துணியின்மேல் கிடந்தது. அப்படியே அச்சாகப் பூதான். கோழிக்கொண்டையின் மடிப்புகளில் விரலை வைத்தால் வெல்வெட் போல இருக்கும் என்று தோன்றும். தோன்றியதோடு நிற்காமல் கட்டைவிரலை வைத்துவிட்டேன். வண்ணம் காயவில்லை. விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது, படத்தில் என் ரேகை பதிந்துவிட்டது.

ஆவுடை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, வியாழன்

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரல் ரேகைக்குள் இருக்கிற சிவப்பு போகவில்லை.

செப்டம்பர் 2, ஞாயிறு

இளையவள் வேணி மதுரையிலிருந்து வந்திருந்தாள். அங்கே மருந்துக் கம்பெனியில் வேலை. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று ஆனி மாதமே பேசி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை, எங்கள் சம்பந்தி சிவதாணுவின் தம்பி மகன். அவர்தான் முன்னின்று பேசி முடித்தார். வீட்டில் துக்கம் என்பதால் நிச்சயத்தை மட்டும் தள்ளி வைத்திருக்கிறோம்.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பாட்டின் நடுவில் ஆவுடை தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வீட்டுல மோட்டார் இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன்.

"போன தைக்கு நான் போயிருந்தப்பவே கிணத்துமேல கம்பி வலை போட்டு மூடியிருந்தாவ. வாளியும் கெடையாது, கயிறும் கெடையாது. எதைக் கொண்டு தண்ணி எறைச்சா?"

"கரண்ட் போயிருக்கும்."

"கரண்ட் போனா மேல தொட்டியில தண்ணி இருக்காதா?"

வேணி என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். அன்றைக்குக் கரண்ட் போனதா என்பது எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னேன்.

செப்டம்பர் 5, புதன்

படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தால் கால் பட்டுவிடும் என்று கூடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது.

வெளிச்சத்தில் பார்த்தபோது செம்பின் வயிற்றில் ஒரு கறை தெரிந்தது. பித்தளையின் பளபளப்பில் எதிரே இருக்கிற ஜன்னல் வளைந்து தெரிவதுபோல வரைந்திருக்கிறாள். ஜன்னல் கம்பிகள், மேஜையின் ஓரம், நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். அந்த முகத்தின் ஒரு பக்கத்தில் ஊதாவாக ஏதோ இழுகியிருக்கிறது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தேன். போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அப்படியும் போகவில்லை. வண்ணம் கலக்கும்போது தவறியிருக்கும்.

ஆகாத வேலையாக ஒரு மணி நேரம் போயிற்று.

செப்டம்பர் 8, சனி

ஜெபராணி டீச்சர் துக்கம் கேட்க வந்தார்கள். குழலிக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகும் சனி ஞாயிறுகளில் அவர்கள் வீட்டுக்குப் போய் வரைந்துகொண்டிருப்பாள். உடம்பு சரியில்லாமல் வேலூரில் மகன் வீட்டில் இருந்ததால் முன்பே வர முடியவில்லை என்று ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

காப்பி போட ஆவுடை உள்ளே போனாள். டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டார்கள். எழுந்து போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே நின்றார்கள்.

"இத எப்ப வரைஞ்சா சார்?"

"தெரியாது டீச்சர். சாமானோட வந்துச்சு."

"பத்து நாள் வேலை இது" என்றார்கள். "சம்பங்கியத்தான் மொதல்ல முடிச்சிருக்கா. ரெண்டாம் நாளே நுனி பழுத்துரும்லா, அதான். ஒத்தப் பூவுல அந்தப் பழுப்பையும் விடாம வச்சிருக்கா பாருங்க. பொறவு மரிக்கொழுந்து. கோழிக்கொண்டை வாடாது. அதனால அதக் கடைசிக்கு வச்சு, நல்லா கனமாப் போட்டிருக்கா. சிவப்பு இன்னும் காயல. கடைசி ரெண்டு மூணு நாளுக்குள்ள போட்டதாத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவர்கள் செம்புக்குப் பக்கத்தில் குனிந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

"சார், இது அவதான். செம்புக்கு எதிர உக்காந்து வரையிதா, அது செம்புல தெரியுது. இந்தக் கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"வண்ணம் இழுகியிருக்கு டீச்சர்."

"இல்ல சார். எங்கிட்ட ஏழு வருஷம் படிச்ச புள்ள. இல்லாதத வரையமாட்டா, இருக்கத விடவும் மாட்டா. ஒருக்கா ஒரு ஆரஞ்சுப் பழத்துல அழுகல் இருந்துச்சு. அத விட்டுட்டு வரைடின்னேன். 'இருக்கே மிஸ்'ன்னா. இது வீக்கம் சார். கண்ணு மூடிக்கெடக்கு பாருங்க, எமையில மஞ்சளும் ஊதாவும் தனித்தனியா வச்சிருக்கா."

ஆவுடை காப்பியோடு வந்து பின்னால் நின்றது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள்.

"ஆமா, வீங்கித்தான் இருக்கு" என்றாள்.

நான் மோட்டார் போட வெளியே போனேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

செப்டம்பர் 9, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 11, செவ்வாய்

டீச்சரிடம் தெரியாது என்று சொன்னது சரியில்லை. அந்தப் பூக்கள் எந்தத் தேதியில் வாங்கியவை என்று எனக்குத் தெரியும். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 30ஆம் தேதி குழலி தனியாக வந்தாள். ஆவுடை ஆடித்தபசுக்கு சங்கரன்கோவிலில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். வேணி மதுரையில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும். குழலி சேலைத் தலைப்பை இழுத்து இடது கன்னத்தை மூடியபடி வந்தாள். ஏதோ சொன்னாள். புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற விஷயந்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஐஸ் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நானே சமைத்தேன். ஆவுடைக்கு போன் பண்ண வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். பாவம், திருவிழாவுக்குப் போனவள் பதறுவாள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோவாளை வந்தபோது பூச்சந்தையைப் பார்த்து, இறங்குவோமா என்று கேட்டேன். சின்னப் பிள்ளையில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். இறங்கினோம். ஒரு கை நிறைய சம்பங்கி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து எல்லாம் வாங்கி வாழை இலையில் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் தெளிந்தது போலத்தான் இருந்தது.

"அப்பா, இன்னும் ரெண்டு நாள் நம்ம வீட்டுல இருந்து இத வரைஞ்சு முடிச்சிட்டுப் போறேனே" என்றாள்.

"அங்க போய் வரையேம்மா. மாடியில ஒனக்குன்னு ரூம் இருக்குல்லா" என்றேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். சம்பந்தி வீட்டில் என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

செப்டம்பர் 14, வெள்ளி

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஆவுடை கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கூடத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அதற்காக இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சத்தமாகப் படித்தாள். "தங்கள் மகள் கால் தவறி விழுந்து இறந்ததாகவும், இது குறித்து யார் மீதும் தங்களுக்குச் சந்தேகம் இல்லை எனவும் தாங்கள் முன்பு எழுதிக் கொடுத்துள்ள நிலையில்..." அங்கே நிறுத்தினாள்.

"இத எப்ப எழுதிக் குடுத்திய?"

"அன்னைக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல. நீ மயங்கிக் கெடந்த."

"நீங்களா எழுதினிய?"

"அவங்க ஆளு ஒருத்தர் எழுதிக் கொண்டாந்தாரு."

"வாசிச்சுப் பாத்தியளா?"

வாசித்தேன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவன் இல்லை நான். "வாசிச்சேன்" என்றேன்.

தாளை நான்காக மடித்தாள். "அவ கண்ணு அப்படி இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கடிதத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மத்தியானம் எனக்கு சோறு போட்டாள். அதில் குறை ஒன்றும் இல்லை.

சாயங்காலம் சிவதாணு போன் பண்ணினார். "ஓய், ஒமக்கும் லெட்டர் வந்திருக்கும். மொதல்ல சொன்னதையே சொல்லிரும். சோலி முடிஞ்சிரும். போன உயிரு திரும்பியா வரப் போகு? இருக்க புள்ளைய நெனைச்சுப் பாரும். தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு நாம ரெண்டு குடும்பமும் கோர்ட்டுல நிக்கணுமா?"

"பாப்போம்" என்றேன்.

"பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

செப்டம்பர் 16, ஞாயிறு

வேணி காலையிலேயே வந்துவிட்டாள். ஆவுடை போனில் சொல்லியிருக்க வேண்டும். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம். அந்தக் குடும்பத்துல யாரும் வேண்டாம். நானே போன்ல சொல்லிட்டேன்."

"யார்ட்ட கேட்டுச் சொன்ன?"

"யார்ட்டயும் கேக்கல."

கோபம் வந்தது. பெரியவர்கள் பேசி முடித்த காரியம் என்றேன். ஊரில் இனி என்ன பேசுவார்கள் என்றேன். அவளுக்காகத்தான் நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

வேணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்காகவா?" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா வாரத்துக்கு ரெண்டு தடவை எனக்குப் பேசுவா. அவர் அடிச்சதையெல்லாம் சொல்லுவா. நான் கிளம்பி வரட்டான்னு கேட்டா, வேண்டாம்பா. அப்பாட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு, அப்பா பாத்துக்கிடுவாங்கம்பா. கடைசியா பேசினப்பவும் அதான் சொன்னா."

"கடைசியா எப்ப பேசினா?"

"ஆகஸ்ட் எட்டு."

ஆவுடை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த முருங்கைக் கீரையை ஒவ்வொரு இணுக்காக உருவிக்கொண்டே இருந்தாள். கீரை தீர்ந்த பிறகும் வெறும் காம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 19, புதன்

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மேலே படாதபடி நாலு மூலையிலும் கட்டை வைத்து, அட்டையால் மூடிக் கட்டினேன்.

செப்டம்பர் 20, வியாழன்

ஆறரை மணி பஸ். படத்தைக் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். "விக்கதுக்கா சார்?" என்று கண்டக்டர் கேட்டார். இல்லை, மகள் வரைந்தது என்றேன். "ஓ, பரிசு ஏதும் வாங்கப் போறாவளா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். தோவாளையில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பூ வாசனை வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அலுவலக வராந்தாவில் சிவதாணுவும் குழலியின் கணவன் பத்மநாபனும் உட்கார்ந்திருந்தார்கள். பத்மநாபன் எழுந்து வேஷ்டியை இறக்கிவிட்டு வணக்கம் சொன்னான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவன் எனக்கு மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. சிவதாணு கட்டைப் பார்த்து, "அது என்ன ஓய்?" என்றார்.

"படம்" என்றேன்.

பத்மநாபனின் முகம் மாறியது. அவன் அந்தப் படத்தைக் கிட்டேபோய்ப் பார்த்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டான். ஆனாலும் அது எந்த நாட்களில் வரைந்தது என்று அவனுக்குத் தெரியும்.

அதிகாரி ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உட்காரச் சொன்னார்கள். முதலில் எழுதிக் கொடுத்ததில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார்கள்.

"உண்டு அம்மா" என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

அப்புறம் சொன்னேன். என் மகள் மூன்று தடவை வந்தாள். முதல் தடவை கல்யாணமான எட்டாம் மாதம், இரண்டாம் தடவை போன கார்த்திகையில். அந்த இரண்டு தடவையும் என் மனைவி, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது என் மனைவி ஊரில் இல்லை.

"மூணாவது தடவை உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க ஐயா."

"'அப்பா, அவரு அடிக்காரு. அடிக்கும்போது அத்தை கதவச் சாத்திட்டு வெளிய நிக்காவ. இனி அங்க போனா நான் இருக்கமாட்டேம்ப்பா'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருன்னேன்."

அவர்கள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். பிறகு படத்தைக் காட்டச் சொன்னார்கள். கட்டைப் பிரித்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிறுத்தினேன். பூக்கள் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வாங்கியவை, இது அவள் முகம், இது அந்தக் கண், நான் ஐஸ் வைத்த கண் இதுதான் என்று சொன்னேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். "எவ்வளவு தத்ரூபமா வரைஞ்சிருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னவர்கள், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல நிறுத்திக்கொண்டார்கள்.

நான் சொன்னதையெல்லாம் கிளார்க் எழுதி வாசித்துக் காட்டினார். "மேற்படி குழல்வாய்மொழி மூன்று முறை பெற்றோர் வீட்டுக்கு வந்ததாகவும், ஒவ்வொரு முறையும் சமாதானம் செய்யப்பட்டு, கணவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாகவும்..."

"அனுப்பப்பட்டதாகன்னு போடாதீங்க" என்றேன். "நானே கூட்டிக்கிட்டுப் போயி விட்டேன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கிளார்க்.

"ஒண்ணு இல்ல."

"அவர் சொல்ற மாதிரியே எழுதுங்க" என்றார்கள் அதிகாரி.

அடித்து எழுதினார். கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை வாசித்தேன். படத்தை அவர்களே வைத்துக்கொள்வதாகவும், போலீஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். "சிவப்பு இன்னும் முழுசா காயல அம்மா. மேல எதையும் சாய்க்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். ஒரு துண்டுத் தாளில் அதை எழுதி, அட்டையின்மேல் ஒட்டச் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது சிவதாணு என் பக்கத்தில் வந்தார். "என்ன சொன்னீரு?"

"உள்ளதச் சொன்னேன்."

"நீரும்தானய்யா கொண்டாந்து விட்டீரு!" என்று கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதையும் சொன்னேன்" என்றேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை முப்பதிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல். முடித்ததும், "நான் தபசு பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "எங்கூட ஒரு வார்த்தை பேசவிடலயே அவள."

இன்று காலையில் அவள் பாயையும் தலையணையையும் வேணியின் அறைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அக்டோபர் 4, வியாழன்

பத்மநாபனையும் அவன் தாயாரையும் கைது செய்துவிட்டார்களாம். பேப்பரில் ஆறு வரி வந்திருக்கிறது. பெயரைக் குழல்மொழி என்று தப்பாகப் போட்டிருக்கிறார்கள். பேப்பர்காரர்களுக்கு போன் பண்ணித் திருத்தச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள்.

அக்டோபர் 19, வெள்ளி

பேப்பரில் திருத்தம் எதுவும் வரவில்லை.

சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து, செத்துப்போன பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாயே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆவுடை அவர்களுக்குக் காப்பி கொடுக்கவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. வேணி மதுரையிலேயே இருந்துவிட்டாள். மழை.

நவம்பர் 23, வெள்ளி

ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்களாம். வேணிதான் போனில் சொன்னாள். ஆவுடையிடம் நான் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். அப்புறம் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 12, புதன்

போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குற்றப்பத்திரிகை கோர்ட்டில் போட்டாயிற்று. கொடுமைப்படுத்தியது, தற்கொலைக்குத் தூண்டியது என்று இரண்டு குற்றங்கள். பிரதி ஒன்று கொடுத்தார்கள். பதினேழு பக்கம். வழக்குச் சொத்துகள் என்ற தலைப்பில், 'பூக்கள் வரையப்பட்ட எண்ணெய் வண்ண ஓவியம், ஒன்று' என்று இருந்தது. ஸ்டேஷன் வாசல் மரத்தடியில் நின்றே முழுவதையும் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை கையை நீட்டினாள். கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து வந்து, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று போட்டிருக்கிற இடத்தில் விரலை வைத்து வாசித்தாள். பத்மநாபன். அவனுடைய தாயார். இரண்டு பெயர்தான். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று விரலை நகர்த்திப் பார்த்தாள்.

பிறகு தாளைப் புரட்டினாள். நாலாவது பக்கத்தில் சாட்சிகள் பட்டியல். முதல் பெயர், கோமதிநாயகம், இறந்தவரின் தகப்பனார்.

"ஒங்கள இங்கனயா போட்டிருக்காவ?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.